மூன்று வாரத்துக்கென்று திறந்த கதவு: கரூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நடந்த ஊடுருவல் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

படுக்கை விரிப்பு, சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு ஆகியவற்றைத் தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் நடுத்தர நிறுவனம் அது. கரூர் அலுவலகத்தில் 42 மேசைக் கணினிகள். மாடியில் ஒரு சிறிய அறையில் மூன்று பெட்டிகள்: கணக்கு மென்பொருள் ஓடும் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, எல்லோருடைய கோப்புகளும் இருக்கும் லினக்ஸ் சர்வர், பழைய மேசைக் கணினியையே மாற்றி அமைத்த பேக்கப் கணினி. தூத்துக்குடியில் கப்பல் ஆவணங்களைக் கவனிக்கும் சிறு கிளையில் இன்னொரு லினக்ஸ் பெட்டி. முழுநேரக் கணினி ஊழியர் கிடையாது. மாத ஒப்பந்தத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு நாள் நேரில் போவேன்; மற்ற நாள்களில் நாமக்கல்லில் இருக்கும் என் வீட்டிலிருந்தே.

2020 மார்ச் 24 இரவு பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. 21 நாள் என்றார்கள். கணக்குப் பிரிவின் பொறுப்பாளரான அக்கா வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டும்; கோயம்புத்தூர் ஆடிட்டர் அலுவலகம் ஆண்டு முடிவுக் கணக்கைப் பார்க்க வேண்டும். 26ஆம் தேதி நான் ரவுட்டரில் ஒரு விதி எழுதினேன்: வெளியிலிருந்து 33891ஆம் போர்ட்டுக்கு (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வருவதை உள்ளே சர்வரின் 3389க்கு அனுப்பு. தொலைவிலிருந்து கணினியின் திரையைத் திறந்து வேலை பார்க்க உதவும் விண்டோஸின் ஆர்டிபி வழக்கமாகக் காத்திருக்கும் எண் 3389. எண்ணை மாற்றிவிட்டால் தேடுகிறவர் கண்ணில் படாது என்று நம்பினேன். விதிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதும் கட்டத்தில் ‘தற்காலிகம்’ என்று தட்டச்சு செய்ததும் நான்தான்.

இதற்கு முன்பே இரண்டு வேலைகள் செய்து வைத்திருந்தேன். கணக்கு மென்பொருளில் அச்சிடுவதில் அடிக்கடி சிக்கல் வந்ததால், அக்காவின் பயனர் கணக்கைச் சர்வரின் நிர்வாகிகள் குழுவில் சேர்த்திருந்தேன். 42 கணினிகளையும் ஒரே வட்டுப் படியிலிருந்து நிறுவியதால், எல்லாவற்றிலும் உள்ளூர் நிர்வாகியின் கடவுச்சொல் ஒன்றே. ஒரு வீட்டுச் சாவி தெருவில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் பொருந்துவதைப் போன்ற ஏற்பாடு. வேலை சுலபமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

ஒரு தற்செயலையும் இங்கே சொல்ல வேண்டும். நான் அந்த விதியை எழுதிய மூன்றாம் நாள், மார்ச் 29 அன்று, லினக்ஸ் 5.6 வெளிவந்தது. வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனிப்பாதை போடும் மென்பொருள்) முதன்முறையாக லினக்ஸ் கருவின் (கெர்னல்) உள்ளேயே சேர்ந்து வந்த பதிப்பு அது. நான் போட்ட ஓட்டையை அடைக்கும் பொருள் இலவசமாகவே வந்து சேர்ந்துவிட்டது. அதை எடுத்துப் பார்க்க எனக்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின.

முதலில் தெரிந்தது

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை சுதந்திர தினம் என்பதால் திங்களுக்கும் பலர் விடுப்பு எழுதியிருந்தார்கள். இரவு 9.20க்கு அக்கா போன் செய்தார்.

“தம்பி, ஜிஎஸ்டி 3பி படிவத்துக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரோ இணைந்துவிட்டார்கள், உங்கள் இணைப்பு போய்விட்டது என்று வருகிறது.”

“ஆடிட்டர் ஆபீஸ் பையன்கள் உங்கள் பெயரில் நுழைந்திருப்பார்கள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள்.”

அக்காவின் கடவுச்சொல் ஆடிட்டர் அலுவலகத்திலும் இருந்தது. நிறுவனத்தின் பெயர், அதன் பின்னால் ஒரு குறி, பிறகு 123. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டு வைத்திருந்தேன்.

9.42க்கு மீண்டும் போன். இந்த முறை குரலில் பதற்றம். “ஆடிட்டரிடமே கேட்டுவிட்டேன். அவர்கள் யாரும் இப்போது உள்ளே இல்லையாம். நான் திரும்பப் போனபோது திரையில் நான் திறக்காத கறுப்பு ஜன்னல் ஒன்று இருந்தது. அதில் நம் கணினிப் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. கட்டிங் 2, பேக்கிங் 1, டிசைன் 3… பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் வெளியே தள்ளிவிட்டது.”

ஒரு பயனருக்கு ஓர் அமர்வுதான் என்பது அந்தச் சர்வரின் இயல்பான அமைப்பு. அதே பெயரில் இன்னொருவர் நுழைந்தால் முதல் ஆளை வெளியேற்றிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் அதே திரையை இவருக்குக் கொடுத்துவிடும். அதனால் அக்கா திரும்ப நுழைந்தபோது, வந்தவர் விரித்து வைத்திருந்த கடையை அப்படியே பார்க்க நேர்ந்தது. இந்த நிகழ்வில் கிடைத்த ஒரே எச்சரிக்கை இதுதான். எந்த மென்பொருளும் கொடுக்கவில்லை. சனிக்கிழமை இரவும் வேலை பார்த்த ஒருவர் கொடுத்தார்.

அந்த இரவின் முடிவுகள்

முதலில் எழுந்த எண்ணம், நானும் உள்ளே நுழைந்து பார்ப்பது. கை மடிக்கணினி வரை போய்விட்டது. செய்யவில்லை. ஊடுருவப்பட்ட கணினியில் நிர்வாகியாக நுழைவது, உள்ளே இருப்பவரிடம் என் கடவுச்சொல்லையும் கொண்டுபோய்க் கொடுப்பதாகிவிடும்.

இரண்டாவது முடிவு, இணையத்தைத் துண்டிப்பது, மின்சாரத்தை அல்ல. சர்வரை அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். வாட்ச்மேனை அழைத்தேன். வயதானவர், கணினியைத் தொட்டதே இல்லை. “அண்ணா, மாடியில் கண்ணாடிக் கதவு அறைக்குப் போங்கள். நான்கு பச்சை விளக்கு மினுக்குகிற வெள்ளைப் பெட்டி இருக்கும். அதில் மஞ்சள் வயர் ஒன்றுதான். அதைப் பிடுங்கிவிடுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.” அவர் கொக்கியை அழுத்தாமல் இழுத்துப் பார்த்து, வராமல், கடைசியில் அழுத்தி எடுக்கும்போது மணி 9.55.

அங்கே நான் தவறிவிட்டேன். வெளியிணைப்பைத் துண்டித்ததும் மூச்சு வந்துவிட்டது. உள்ளே ஏற்கெனவே ஓடத் தொடங்கிய ஒன்று, இணையம் போனதற்காக நிற்காது என்பது பைக்கில் பாதி வழி போன பிறகுதான் உறைத்தது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் அலுவலக ஸ்விட்சின் மின்சாரத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். 11.05க்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மேசைக் கணினிகளில் கோப்புகள் பூட்டப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று, லினக்ஸ் சர்வரில் இருந்த டிசைன் பிரிவின் பொதுக் கோப்புறையையும் பூட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையோடு நிறுத்தினேன்.

மூன்றில் எப்படி நின்றது? அலுவலக மாடியின் மெயின் ஸ்விட்சை வாட்ச்மேன் சனிக்கிழமைதோறும் 8 மணிக்கு அணைத்துவிடுவார். கரண்ட் பில்லைக் குறைக்க முதலாளி போட்ட உத்தரவு. யுபிஎஸ் இணைப்பில் இருந்த ஏழு கணினிகள் மட்டுமே அன்றிரவு உயிரோடு இருந்தன. 35 கணினிகளைக் காப்பாற்றியது அந்த உத்தரவு. அதற்கு நான் எந்தப் பெருமையும் கோர முடியாது.

முதலாளிக்கு நள்ளிரவில் சொன்னேன். இரண்டு கேள்விகள்தான் கேட்டார்: திங்கள்கிழமை சரக்கு ஏறுமா, காசு கேட்கிறானா? பூட்டப்பட்ட கணினிகளில் ஓர் உரைக்கோப்பு இருந்தது; தொகை இல்லை, ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும். பதில் எழுத வேண்டாம் என்று அப்போதே முடிவானது. அதிகாலை 1.50க்கு, கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு மின்னஞ்சலில் அறிக்கை அனுப்பினோம். 2022 ஏப்ரல் 28 அன்று அது வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய நிகழ்வுகளைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். இரண்டாவது நிபந்தனையை நாங்கள் எவ்வளவு காப்பாற்றியிருந்தோம் என்பது விடிவதற்குள் தெரிந்துவிட்டது.

பதிவுகளில் கண்டது

விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேடு இயல்பாக 20 எம்பி வரைதான் வளரும். நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே போகும். திறந்து பார்த்தால் நிகழ்வு எண் 4625, அதாவது தோல்வியுற்ற நுழைவு, ஏறத்தாழ 31,000 வரிகள். சில நொடிக்கு ஒரு முயற்சி. நிர்வாகி, சோதனை, பேக்கப், கணக்கு என்று பயனர் பெயர்களை மாற்றி மாற்றித் தட்டியிருந்தார்கள். இத்தனையும் ஏறத்தாழ இரண்டே நாளில். பதிவேட்டின் மிகப் பழைய வரியே வியாழன் மாலைதான். தட்டிய சத்தமே, எப்போது கதவு திறந்தது என்ற தடயத்தை மூடிவிட்டிருந்தது.

கை கொடுத்தது வேறொரு பதிவேடு. தொலை அமர்வுகளுக்கென்று விண்டோஸ் தனியாக ஒன்று வைத்திருக்கிறது; அதில் வெற்றியடைந்த அமர்வுகள் மட்டும் ஏறும். தோல்விகள் ஏறாததால் மாதக்கணக்கில் தங்கும். அதில் அக்காவின் பெயரில், எங்களுக்குத் தொடர்பில்லாத முகவரியிலிருந்து முதல் நுழைவு ஆகஸ்ட் 9 அதிகாலை 3.07. இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்ப வந்தது சனி இரவு. நீண்ட விடுமுறை தொடங்கும் இரவு அது என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மீதியைக் கோக்க முடிந்தது. நிகழ்வு எண் 4720: புதிய பயனர் ஒருவர் உருவாக்கப்பட்டிருக்கிறார். பொது இசைக் கோப்புறையில் வலைப்பின்னலைத் துழாவும் சிறு கருவி ஒன்று. அந்த விண்டோஸ் சர்வரின் யுஎஸ்பியில் எப்போதும் செருகியே கிடந்த பேக்கப் வட்டு முழுதாக அழிக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு, எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருந்த நிர்வாகிக் கடவுச்சொல்லோடு மேசைக் கணினிகளுக்குள் போயிருக்கிறார். மிரட்டல் கோப்பு உருவான நேரங்கள் 9.51, 9.53, 9.54. அக்கா திரும்பத் திரும்ப நுழைந்ததால் அவசரப்பட்டு முன்னதாகவே தொடங்கினார் என்பது என் ஊகம், நிரூபிக்க முடியாது.

2019 மே மாதத்தில் ப்ளூகீப் என்ற ஆர்டிபி குறைபாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது நினைவிருக்கலாம். கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வர வழி செய்த குறை. எங்களுக்கு வந்தவருக்கு அப்படிப்பட்ட வித்தை எதுவும் தேவைப்படவில்லை. அந்தச் சர்வரில் எத்தனை முறை தவறினாலும் கணக்கு பூட்டிக்கொள்ளாது. நான் அதை அமைக்கவே இல்லை. கடவுச்சொல்லின் பாதி நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் எழுதியிருந்தது. போர்ட் எண்ணை மாற்றி ஒளித்ததும் வீண்: மொத்தம் 65,535 எண்கள்தான், இயந்திரங்கள் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கின்றன.

மீட்பு

லினக்ஸ் பேக்கப் கணினி தப்பியது. ஒவ்வோர் இரவும் அதுவே மற்றச் சர்வர்களிடம் போய்க் கோப்புகளை இழுத்துக்கொள்ளும். சர்வர்களிடம் அதற்குள் நுழையும் சாவி கிடையாது. முன்யோசனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், விண்டோஸிலிருந்து தள்ளும் வேலை நேரத்துக்கு ஓடாமல் எரிச்சலூட்டியதால் திசையை மாற்றி வைத்தேன்.

ஞாயிறு முழுவதும் விண்டோஸ் சர்வரைப் புதிதாக நிறுவினோம். பழைய வட்டைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம் என்று முதலாளியின் மகன் சொன்னார்; நான் மறுத்து, வட்டை மூடி எடுத்து வைத்தேன். எங்கெங்கே கை வைத்தார் என்று தெரியாத வீட்டில் பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. கணக்குத் தரவு வெள்ளி இரவு நிலைக்கு மீண்டது. சனிக்கிழமையின் பதிவுகளை அக்கா பில் கட்டிலிருந்து மீண்டும் ஏற்றினார். திங்கள் மாலை சரக்கு ஏறியது.

மீளாதது ஒன்று உண்டு. பூட்டப்பட்ட மூன்றில் ஒன்று நெசவு வடிவமைப்பாளருடையது. அவர் கோப்புகளைப் பொதுக் கோப்புறையில் வைக்காமல் தன் கணினியின் முகப்பிலேயே வைத்திருந்தார். அது பேக்கப்பில் இல்லை. 2016இல் நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் பூட்டிய கோப்பின் மாதிரியை ஏற்றிப் பார்த்தோம். இந்த வகைக்குத் திறவுகோல் இல்லை. வாங்குவோருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த படங்களைத் தேடி எடுத்தோம். அவை படங்கள்தான், தறிக்குக் கொடுக்கும் மூலக் கோப்புகள் இல்லை. சுமார் ஐந்து மாத வேலையை அவர் மறுபடி வரைந்தார். அவர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

புதிய வாசல்

மூன்று வழிகளை யோசித்தோம். ஆர்டிபிக்கென்றே மைக்ரோசாஃப்ட் தரும் வாயில் சர்வரை வைத்தால் உரிமச் செலவு உண்டு. அதோடு இணையத்தைப் பார்த்து நிற்கும் இன்னொரு விண்டோஸ் பெட்டியை நான் காவல் காக்க வேண்டும். மேகத்தின் (கிளவுட்) வழியே இணைக்கும் தொலைமேசைச் செயலிகள் சுலபம். ஆனால் நம் சாவிக்கொத்து அந்தச் செயலி நிறுவனத்தின் வீட்டில் தொங்கும். மூன்றாவதான வயர்கார்டைத் தேர்ந்தோம். அறிமுகமான சாவி இல்லாத பொட்டலத்துக்கு (இணையத்தில் வரும் தரவுத் துண்டு) அது பதிலே சொல்லாது என்பதுதான் என்னை இழுத்தது. தட்டுகிறவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது.

ரவுட்டரின் பின்னால் சிறு லினக்ஸ் பெட்டி ஒன்றை வைத்தோம். வெளியிலிருந்து ஒரே ஒரு யுடிபி (வயர்கார்டு பயன்படுத்தும் இணைப்பு வகை) போர்ட் மட்டும் அதற்கு வரும். சாவி நிறுவனத்துக்கு ஒன்று என்றில்லாமல் ஆளுக்கும் கருவிக்கும் ஒன்று. ஆடிட்டர் அலுவலகச் சாவியோடு வந்தால் கணக்குச் சர்வரின் ஆர்டிபி மட்டும் தெரியும். கோப்பு சர்வர் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. விபிஎன் உள்ளே வந்த பிறகும் தனித்தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். பத்து முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். தினசரி வேலைக்கான எந்தக் கணக்கும் நிர்வாகிகள் குழுவில் இல்லை. அச்சுச் சிக்கலுக்கு, அச்சுக் கோப்புறையின் அனுமதியைத் திருத்தியதே போதுமாக இருந்தது. அரை மணி நேர வேலை. அதைத் தவிர்க்கத்தான் நிர்வாகி உரிமையைக் கொடுத்து வைத்திருந்தேன்.

42 கணினிகளுக்கும் 42 நிர்வாகிக் கடவுச்சொற்கள், ஸ்கிரிப்ட் உருவாக்கியவை, கடவுச்சொல் பெட்டகத்தில். உள்ளூர்க் கணக்குகள் வலைப்பின்னல் வழியே நுழைவதையும் தடுத்தோம். லினக்ஸ் பெட்டிகளில், தொலைவிலிருந்து நுழைந்து கட்டளை இட உதவும் எஸ்எஸ்எச் இனி கடவுச்சொல்லை ஏற்காது. சாவிக் கோப்பு மட்டும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட ஒரு தாக்குதலுக்குப் பிறகுதான் டாட்டு யிலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். கடவுச்சொல்லின் பலவீனத்தில் பிறந்த கருவியை, 2023 வரை கடவுச்சொல்லோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எதிர்ப்பு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்தது. “முன்பு ஒரே கிளிக். இப்போது இரண்டு. எங்களுக்கு நாற்பது கட்சிக்காரர்கள், ஒவ்வொருவரும் இப்படிச் செய்தால் எப்படி?” நியாயமான குறைதான். நேரில் போய் நான்கு மடிக்கணினிகளில் அமைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பகிர்ந்த பெயர் இனி இல்லை என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

தூத்துக்குடியில் ஓர் இடறல்

செப்டம்பரில் கிளையின் லினக்ஸ் பெட்டியை நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு இறுக்கினேன். எஸ்எஸ்எச் இனி விபிஎன் வழியாக மட்டும் என்று, வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலில் எழுதி இயக்கினேன். இருக்கும் இணைப்புகள் பாதிக்கப்படலாம், தொடரவா என்று அது கேட்டது. ஆம் என்றேன். இணைப்பு அறுபடவில்லை, எல்லாம் சரி என்று வெளியேறினேன். மறுபடி நுழைய முடியவில்லை. ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்பை ஃபயர்வால் விட்டு வைத்திருந்தது, அவ்வளவுதான். விபிஎன் அமைப்பில் ஒரு முகவரியின் கடைசி இலக்கம் தவறு. உட்கார்ந்திருக்கும் கிளையை நானே வெட்டிவிட்டு, இரவு பஸ் பிடித்துத் தூத்துக்குடி போய், விசைப்பலகையைச் செருகி ஓர் எண்ணைத் திருத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதிலிருந்து தொலைவில் இருக்கும் பெட்டியின் ஃபயர்வாலைத் தொடும் முன்பு, பத்து நிமிடத்தில் பழைய விதிகளைத் தானாக மீட்கும் கட்டளையை நேரம் குறித்து வைத்துவிடுகிறேன். திறந்திருக்கும் ஜன்னலை மூடாமல், புதிய ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகுதான் அந்தக் கட்டளையை ரத்து செய்கிறேன்.

பிறகு நடந்தது, மாற்றியவை

2024 பிப்ரவரியில், பரவலாகப் பயன்படும் தொலைமேசைச் செயலியை வழங்கும் எனிடெஸ்க், தன் உற்பத்திக் கணினிகளே ஊடுருவப்பட்டதாக அறிவித்தது. அன்று பல வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. இந்த நிறுவனத்துக்கு வேண்டியிருக்கவில்லை. 2012 ஆர்2 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபர் 10இல் முடிவதாக இருந்ததால், ஆகஸ்டில் புதிதாக நிறுவியபோதே 2022 பதிப்புக்கு மாறிவிட்டிருந்தோம். ஆபத்து வராமல் இருந்திருந்தால் அந்தச் செலவுக்கு ஒப்புதல் வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம். பாதுகாப்புப் பதிவேட்டின் அளவைக் கூட்டினேன். அதன் நகல் ஒவ்வோர் இரவும் பேக்கப் கணினிக்குப் போகிறது, 180 நாளுக்குக் குறையாமல் தங்குகிறது.

அதே இரவு மறுபடி வந்தால், அக்காவின் முதல் போனையே முழுதாகக் கேட்பேன். 22 நிமிடம் போனது அங்கேதான். வாட்ச்மேனுக்கு இப்போது சிவப்பு நாடா சுற்றிய இரண்டு பிளக்குகளைக் காட்டியிருக்கிறோம்: ஒன்று இணையம், ஒன்று அலுவலக ஸ்விட்ச். நான் சொன்னால் இரண்டையும் எடுப்பார். நான் கிடைக்காவிட்டால் அக்கா சொன்னாலும் எடுப்பார்.

ரவுட்டரில் எந்த விதி எழுதினாலும் முடிவுத் தேதியும் சேர்த்து எழுதுகிறோம். வயர்கார்டு சாவிகளுக்கும் ஒரு பட்டியல் உண்டு. யாருடையது, எந்தக் கருவி, கடைசியாக எப்போது பயன்பட்டது. முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்காவும் நானும் உட்கார்ந்து பார்த்துவந்தோம். 2024 டிசம்பரில் பார்த்தபோது ஆடிட்டர் அலுவலகத்தின் மூன்றாவது சாவியில் அக்காவின் விரல் நின்றது. “இந்தப் பையன் செப்டம்பரிலேயே வேலையை விட்டுப் போய்விட்டானே தம்பி.” பயன்படுத்தப்பட்டிருக்கவில்லை. அந்தச் சாவியை அங்கேயே நீக்கினோம். பட்டியலை இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்திலேயே பார்க்கிறோம்.